பொம்மை வீட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும்: கல்லைப் போலச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொம்மை வீடு செய்பவர்களில் பலர் மரச் சாமான்களை நம்பும்படி செய்துவிடுகிறார்கள். கல் என்று வரும்போதுதான் வேலை சறுக்குகிறது. பழைய வீட்டுச் சமையலறையையும் கொல்லைப்புறத்தையும் சிறிய அளவில் செய்ய முனைந்தால், அம்மி, ஆட்டுக்கல், உரல், கடப்பா கல் மேடை, துவைக்கும் கல், துளசி மாடம் என்று கல் சாமான்களே அதில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவை காய்ந்த மாவைப் போலவோ பிளாஸ்டிக்கைப் போலவோ தோன்றிவிட்டால், மற்ற வேலை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பார்ப்பவர் கண் அங்கேயே தட்டி நின்றுவிடும். இது எந்தக் கல், அதை எந்த உளியால் எப்படிக் கொத்தியிருப்பார்கள், அதன் பிறகு அது எத்தனை காலம் எப்படிப் புழங்கியிருக்கும் என்று முடிவு செய்யாமலேயே வண்ணத்தைக் கையில் எடுப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் என்பது என் கருத்து.

முதல் தவறு அளவில் நிகழ்கிறது. பொம்மை வீடுகளில் பரவலாகப் பின்பற்றப்படுவது ஓர் அடியை ஓர் அங்குலமாகக் குறைக்கும் அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் தார்ன் சிற்றறைகள் என்னும் சிறிய மாதிரி அறைகள் 68-உம் இந்த அளவில் செய்யப்பட்டவையே. இந்த அளவில் 45 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள அம்மி ஏறக்குறைய 37.5 மி.மீ. நீளமும் 21 மி.மீ. அகலமும் ஆகிறது, 20 மி.மீ. கனமுள்ள மேடைக் கல் 1.7 மி.மீ. ஆகிறது. நீள அகலங்களைச் சரியாகக் கணக்கிடுபவர்கள்கூடக் கனத்தைக் கணக்கிடாமல் விட்டுவிடுகிறார்கள். கையில் இருக்கும் 5 மி.மீ. பலகையை அப்படியே மேடையாக வைத்தால், உண்மை வீட்டில் அது ஆறு சென்டிமீட்டர் கனமுள்ள கல்லுக்குச் சமம். அப்படி ஒரு கல்லை எந்தக் கொத்தனாரும் சமையல் மேடையில் ஏற்ற மாட்டார்.

நீள அகலங்களைவிட நுட்பமானது கல்லின் மணி அளவு, அதாவது கல்லுக்குள் தெரியும் படிகங்களின் அளவு. கருங்கல்லை அருகில் பார்த்தால் தெரியும் கரும்புள்ளியும் வெண்புள்ளியும் 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கலாம். பன்னிரண்டில் ஒரு பங்கில் அவை 0.25 முதல் 0.4 மி.மீ. மட்டுமே. கடைகளில் கிடைக்கும் கிரானைட் தோற்ற ஸ்பிரே பெயின்ட் தெளிக்கும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அது உண்மையில் 12 மி.மீ. படிகத்துக்குச் சமமாகிவிடுகிறது, அதனால்தான் அதை அடித்த ஆட்டுக்கல் கல்லைப் போலத் தோன்றாமல் எள்ளுருண்டையைப் போலத் தோன்றுகிறது. உண்மையான கருங்கல் துண்டையே செதுக்கி வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அளவைக் குறைக்கலாம், கல்லுக்குள் இருக்கும் மணியைக் குறைக்க முடியாது. ஆகவே உண்மைக் கல்லே பொம்மை வீட்டில் பொய்யாகத் தெரியும். மணி கண்ணுக்குப் புலப்படாத மாக்கல் மட்டும் இதற்கு நல்ல விதிவிலக்கு; மாக்கல் சொப்புகள் இன்றும் கண்ணை ஏமாற்றாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

புள்ளி வேண்டுமென்றால் பழைய பல் துலக்கும் பிரஷில் வண்ணத்தைத் தொட்டு, பெரும்பகுதியைக் காகிதத்தில் தட்டித் தீர்த்துவிட்டு, ஓரடிக்கு மேல் தள்ளி நின்று விரலால் தெறிக்க வேண்டும். அருகிலிருந்து தெறித்தால் பெரிய துளிகள் விழும். தெறித்த பிறகும் புள்ளிகள் தனித்தனியாக எண்ணும்படி தெரிந்தால், அடிநிற வண்ணத்தை நீர்க்கக் கரைத்து மேலே ஒரு முறை பூசி அவற்றை அடக்கிவிடலாம்.

எந்தக் கல் என்று தெரியாமல் தொடங்குவது அடுத்த தவறு. கல் என்றாலே சாம்பல் நிறம், சாம்பல் என்றாலே கறுப்பும் வெள்ளையும் கலந்தது என்ற பழக்கம் பலரிடம் இருக்கிறது. அக்ரிலிக் வண்ணங்களில் அந்த இரண்டை மட்டும் கலந்தால் வருவது நீலம் பாய்ந்த, உயிரற்ற சிமென்ட் சாம்பல். சென்னைப் பகுதியில் பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் சார்னோகைட் என்னும் கருங்கல் பச்சையும் பழுப்பும் கலந்த கருஞ்சாம்பல் நிறமுடையது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்த வகையாக இருந்ததால்தான் அதற்கு அந்தப் பெயரே வந்தது. அந்த நிறத்தைப் பெற, கறுப்புக்குப் பதிலாக பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்போடு சிறிது கரும்பச்சையையும் வெள்ளையையும் சேர்த்துப் பார்க்கலாம். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்பதால், கலவையைத் துண்டு அட்டையில் பூசிக் காயவிட்டுப் பார்த்த பிறகே பொருளில் பூச வேண்டும்.

இதற்கு நேர்மாறானது கடப்பா கல். பழைய வீடுகளில் மேடையாகவும் அலமாரித் தட்டாகவும் பதித்த அந்தக் கறுப்புக் கல் சுண்ணாம்புக்கல் வகை. கருங்கல்லில் தெரிவது போன்ற மணி அதில் கண்ணுக்குத் தெரியாது. அதில் புள்ளி தெறிப்பது தவறு. விளிம்பு உடைந்த இடத்தில் கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரியும். புழங்கும் பக்கம் எண்ணெய் ஏறிக் கருமை கூடியிருக்கும். மங்கிய கருஞ்சாம்பல் அடிநிறமும், முன்விளிம்பில் ஓரிரு வெளிறிய தழும்புகளும், அடுப்புக்கு அருகே சற்றுக் கூடுதல் கருமையும் போதும்.

பளிங்கைச் செய்பவர்கள் வேறொரு தவறைச் செய்கிறார்கள்: ஒரே தடிமனில், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் ரேகைகளை மெல்லிய தூரிகையால் வரைந்துவிடுகிறார்கள். பளிங்கின் ரேகைகள் பெரும்பாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், இடையில் பருக்கும், மெலியும், மறைந்து மீண்டும் தெரியும். ஈர வண்ணத்தின் மேல் வரைந்து ஒரு பக்கத்தை மட்டும் உலர்ந்த தூரிகையால் இழுத்துவிட்டால் அந்த மென்மை வரும். தளத்தைப் பல சதுரங்களாகச் செய்வதானால் ஒவ்வொரு சதுரத்தையும் தனியே வரைந்து பிறகு இடம் மாற்றிப் பதிக்க வேண்டும்.

இனி உருவத்துக்கு வருவோம். அம்மியை எடுத்துக்கொள்வோம், இதில் நடக்கும் பிழைகள் மற்றவற்றுக்கும் பொருந்தும். பலர் செய்யும் அம்மி மேல்பக்கம், பக்கவாட்டு, அடிப்பக்கம் எல்லாம் ஒரே மழமழப்பாக, ஓரங்கள் கத்தியால் வெட்டியதைப் போல இருக்கும். உண்மையான அம்மியில் மேல்முகத்தை மட்டுமே கவனமாகச் சமன் செய்திருப்பார்கள். பக்கங்களில் உளியின் கொத்துத் தடம் அப்படியே இருக்கும். தரையில் பதியும் அடிப்பக்கம் இன்னும் கரடாக இருக்கும். அரைத்து அரைத்து மேல்முகத்தின் நடுப்பகுதி தேய்ந்து இலேசான பள்ளமாகியிருக்கும். தேய்ந்து வழவழப்பான அம்மியில் மசாலா பிடிக்காது என்பதற்காகத் தெருவில் அம்மி கொத்துபவரை அழைத்து, மேல்முகம் முழுவதும் சிறு சிறு குழிகளாகக் கொத்தி வாங்குவார்கள். அந்தக் குழிகள் உண்மையில் ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால், நமக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சுட்டால் இறுகும் செயற்கைக் களிமண்ணான பாலிமர் களிமண் இளகியிருக்கும்போதே தையல் ஊசியின் முனையைச் சற்றே சாய்த்து, முழுவதும் கோடு பிடித்தாற்போல் வரிசையாக இல்லாமலும், அதே சமயம் தாறுமாறாக இல்லாமலும் குத்திச் செல்ல வேண்டும். கொத்துபவர் கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிவரியாக நகரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கை தானாகச் சரியாகப் போகும். நடுப்பள்ளத்தில் மட்டும் சுட்ட பிறகு நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக் குழிகளைப் பாதி அழித்துவிட வேண்டும். குழவியை வெறும் உருளையாக விடாமல், இரு கைகளும் பிடிக்கும் முனைகளைச் சற்று ஒடுக்கி, அந்த முனைகளையே அதிக வழவழப்பாகவும் வைக்க வேண்டும்.

ஆட்டுக்கல்லில் இதே விதியைக் குழிக்குள் பின்பற்ற வேண்டும்: உட்குழி மழமழப்பு, மேல்விளிம்பு பாதி மழமழப்பு, வெளிப்பக்கம் கரடு. குழவியின் தலையில் அடித்திருக்கும் மரப்பிடியைக் களிமண்ணிலேயே செய்து பழுப்பு பூசாமல், பல் குத்தும் குச்சியின் துண்டைச் செருகினால் கல்லும் மரமும் தனித்தனியாகத் தெரியும்.

மூலப்பொருளைப் பொறுத்த தவறுகள் வேலையையே பாழாக்கிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தெர்மாகோலின் மேல் ஸ்பிரே பெயின்ட் நேராக அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ரப்பர் பசையும் உடனடிப் பசையும் அதையே செய்யும். ஃபெவிகாலும் அக்ரிலிக் வண்ணமும் பாதுகாப்பு. தெர்மாகோலின் மணிமணியான மேற்பரப்பு வண்ணத்துக்கு அடியிலும் தெரியும் என்பதால் காகிதக் கூழோ பட்டியோ (சுவரைச் சமன் செய்யப் பூசும் புட்டி) பூசி மூடிய பிறகே கல்லாக்க வேண்டும். நுண்ணிய அமைப்புடைய இன்சுலேஷன் ஃபோம் பலகைக்கு இந்த மணித் தொல்லை இல்லை. சூடான கம்பியால் இவற்றை வெட்டும்போது எழும் புகை உடலுக்குக் கெடுதல். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வெட்ட வேண்டும்.

பாலிமர் களிமண்ணை உறையில் குறித்திருக்கும் வெப்பத்தில், பெரும்பாலும் 130 டிகிரி செல்சியஸை ஒட்டி, சுட வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று வெப்பத்தைக் கூட்டினால் களிமண் கருகி நச்சுப் புகை கிளம்பும். குறைத்தால் உள்ளே வேகாமல் பின்னாளில் உடையும். உரல் போன்ற கனத்த பொருளுக்கு உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைக்கலாம். தெர்மாகோலை வைத்தால் அது சூட்டில் சுருங்கிப் பொருள் உட்குழிந்துவிடும். தானே காயும் களிமண்ணில் நீர் வற்றும்போது சுருக்கம் ஏற்படுகிறது. கனமாக ஒரே தடவையில் பூசினால் வெடிக்கும். அந்த வெடிப்பு கல்லுக்கு அழகுதானே என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். சேறு காய்ந்து வெடிப்பது வலைபோல் இருக்கும். கல் அப்படி வெடிப்பதில்லை, ஒரு திசையில் பிளக்கிறது. கண் இந்த வேறுபாட்டை உடனே கண்டுகொள்ளும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைக்கும்போது தூளின் மேல் தண்ணீரை ஊற்றாமல், தண்ணீரில் தூளைத் தூவ வேண்டும். அளவில் இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர் என்பது நல்ல தொடக்கம். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழிகள் சேர்ந்து, காய்ந்த பின் வட்ட வட்டமான துளைகளாகத் தெரியும்; கருங்கல்லில் அப்படிப்பட்ட துளை இருக்காது. இறுகத் தொடங்கிய கலவையில் மேலும் தண்ணீர் விட்டு இளக்கினால் வலு போய்விடும். கையில் எடுத்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்நிலையில் வண்ணம் பூசினால் உரிந்து வரும். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

நம் ஊரில் மட்டும் நடக்கும் ஒரு தவறும் உண்டு. கல்லின் சொரசொரப்புக்காக வண்ணத்தில் கோலமாவைக் கலப்பது நல்ல உத்தி. ஆனால் அது கல்மாவாக இருக்க வேண்டும், அதையும் துணியில் சலித்தே எடுக்க வேண்டும். அரிசி மாவைக் கலந்தால் பெட்டியில் கட்டி வைத்த சில மாதங்களில் பூச்சியும் பூஞ்சையும் பிடித்துவிடும், பக்கத்தில் இருக்கும் பொம்மைகளுக்கும் பரவும்.

வண்ணம் முடிந்ததும் பாதுகாப்புக்காக மொத்தப் பொருளுக்கும் பளபளக்கும் வார்னிஷ் பூசுவது, அதுவரை செய்த வேலையை அழிப்பதற்கு ஒப்பாகும். கல் எல்லா இடத்திலும் மின்னுவதில்லை. கையும் காலும் பட்ட இடமும், எண்ணெய் ஏறிய இடமும், நீர் பட்ட இடமும் மட்டுமே மின்னும். முதலில் முழுவதும் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் பூசிக் காயவிட்டு, அம்மியின் நடுப்பள்ளம், ஆட்டுக்கல்லின் உட்குழி, துவைக்கும் கல்லின் மேல்முகம் ஆகிய இடங்களில் மட்டும் அரைப் பளபளப்பான வார்னிஷை மெல்லத் தொட்டு வைக்க வேண்டும். ஃபெவிகாலை மேற்பூச்சாகப் பயன்படுத்துபவர்கள் அது மழைக்காலத்தில் ஈரம் இழுத்துப் பிசுபிசுக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கறையையும் பாசியையும் எங்கும் பரப்புவது இன்னொரு பொதுவான பிழை. துவைக்கும் கல்லில் பாசி, தண்ணீர் வழிந்து தேங்கும் கீழ் ஓரத்தில்தான் படரும், வெயில் படும் மேல்முகத்தில் படராது. துளசி மாடத்தில் கரி, விளக்கு வைக்கும் பிறைக்கு உள்ளேயும் அதற்கு நேர் மேலேயும் மட்டுமே ஏறும். எண்ணெய்க் கறை பிறையின் கீழ்விளிம்பிலிருந்து வழியும். அம்மியில் மஞ்சளும் மிளகாயும் ஊறிய கறை, கொத்திய குழிகளுக்குள் மிக மங்கலாக, அதுவும் அரைத்த விழுதை வழித்து எடுக்கும் பக்கத்தில் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும்.

கல் சுவர் கட்டுபவர்களுக்கு இரண்டே குறிப்புகள். ஒரு வரிசையின் செங்குத்து இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது. மூலையில் கல் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடாமல் மறுபக்கமும் திரும்பித் தெரிய வேண்டும், இல்லையென்றால் அது ஒட்டிய வில்லையாகிவிடும். 10 மி.மீ. சாந்து இணைப்பு நமக்கு 0.8 மி.மீ. மட்டுமே.

கடைசியில், செய்த பொருளைத் தரையின் மேல் வெறுமனே வைத்துவிடுவதால் கெடும் வேலைகள் ஏராளம். அடியில் ஒரு முடி அளவு இடைவெளி தெரிந்தாலும் கல்லின் கனம் போய்விடும். உரலையும் துவைக்கும் கல்லையும் தரையில் ஒரு மில்லிமீட்டர் பள்ளம் தோண்டி அமர்த்தி, சுற்றிலும் தரை நிறப் பட்டியைத் தேய்த்து, அந்த இணைப்பில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட வேண்டும். நிறத்தை இறுதி செய்யும் முன் பொம்மை வீட்டின் விளக்கைப் போட்டு அதன் ஒளியில் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். மஞ்சள் ஒளி தரும் எல்இடி விளக்கில் பழுப்பு சேர்ந்த சாம்பல் மண் நிறமாகிவிடுவதுண்டு. அப்படி ஆனால் அடிநிறத்தைத் தொடாமல், நீலச்சாம்பலை மிக நீர்க்கக் கரைத்து மேலே ஒரு கை பூசினாலே சரியாகிவிடும்.