டிரைவர் நிரலில் அலைன்மென்ட் பிழையைக் கண்டறிந்து நீக்குதல்

எக்ஸ்86 கணினியில் குறையின்றி ஓடிய டிரைவர், ஏஆர்எம் பலகைக்கு மாற்றிய அன்றே நின்றுபோனால், முதலில் ஐயப்பட வேண்டியது அலைன்மென்ட்டை, அதாவது தரவு அதன் அளவுக்கேற்ற முகவரியில் தொடங்கும் ஒழுங்கைத்தான். 32 பிட் எண்ணின் முகவரி 4ஆல் மீதியின்றி வகுபடும் என்று சி கம்பைலர் பொதுவாக நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கை பொய்த்தாலும் எக்ஸ்86 பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஏஆர்எம் வகைப் பிராசசரான கார்டெக்ஸ்-எம்0 உடனே ஹார்ட் ஃபால்ட் (நிரலை நிறுத்தும் வன்பொருள் பிழை) எழுப்பும். கார்டெக்ஸ்-எம்3, எம்4 ஆகியவையோ சாதாரண 32 பிட் வாசிப்பை அனுமதித்து, இரண்டு 32 பிட் சொற்களை ஒருசேர வாசிப்பது போன்ற கட்டளைகளில் மட்டும் தடுப்பதால், ஆப்டிமைசேஷனை உயர்த்தும்போது தோன்றும் பிழை, குறைக்கும்போது மறைவதுண்டு. அதற்காகக் கம்பைலரைக் குறைகூறுவது தவறு.

இவ்விரு சிப்களிலும், உள்ளமைவுக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரின் 3ஆம் பிட்டை 1 ஆக்கினால், ஒழுங்கற்ற ஒவ்வொரு வாசிப்பும் அங்கேயே பிடிபடும். சோதனைக் காலம் முழுவதும் அதை அப்படியே வைத்திருப்பது நல்லது. ஆனால் ஃபால்ட் காட்டும் வரி, பிழை வெளிப்பட்ட இடமே; பைட் பஃபரின் பாயிண்டரை 32 பிட் பாயிண்டராக மாற்றிய வரியில்தான் பிழை பிறந்திருக்கும். ஈதர்நெட் தலைப்பு 14 பைட் என்பதால், 4ஆல் வகுபடும் முகவரியில் பஃபர் தொடங்கினாலும் ஐபி தலைப்பு 2 பைட் விலகியே விழும். லினக்ஸ் டிரைவர்கள் பல பஃபரின் முன்னால் 2 பைட் இடம் விடுவது இதனால்தான்.

திருத்தம் எளிது: உள்ளூர் மாறி ஒன்றை அறிவித்து, மெம்காப்பி என்னும் சி நகலெடுப்புச் செயற்கூற்றின் மூலம் 4 பைட்டை அதில் நகலெடுக்க வேண்டும். வேகம் குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அளவு மாறிலியாக இருந்தால், பிராசசருக்கு ஏற்ற சில கட்டளைகளாகக் கம்பைலரே பெரும்பாலும் அதைச் சுருக்கிவிடும். மூல முகவரியைப் பைட் பாயிண்டராகவே கொடுப்பது மிக முக்கியம். அதை 32 பிட் பாயிண்டராக மாற்றிக் கொடுத்தால், முகவரி ஒழுங்காக இருப்பதாகக் கருதிப் பழைய கட்டளையையே கம்பைலர் உருவாக்கலாம். பேக்டு ஸ்ட்ரக்சரின் (உறுப்புகளுக்கு இடையே இடைவெளி விடாத ஸ்ட்ரக்சரின்) உறுப்பு முகவரியைச் சாதாரண பாயிண்டரில் சேமிப்பதும் இதே பிழைதான். ஜிசிசி கம்பைலரின் 9ஆம் பதிப்பு முதல் இதற்கு எச்சரிக்கை வருகிறது, அதை அணைத்துவிடக் கூடாது.

சாதன ரெஜிஸ்டர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே மெம்காப்பி வாசிப்பைத் துண்டு துண்டாக்கக்கூடும் என்பதால், ரெஜிஸ்டரின் முழு அகலத்தில், ஒழுங்கான முகவரியில், கெர்னல் தரும் வாசிப்புச் செயற்கூற்றையே பயன்படுத்த வேண்டும். டிஎம்ஏ (பிராசசர் வழியின்றிச் சாதனமே நினைவகத்தை அணுகும் முறை) பஃபருக்கு 4 பைட் ஒழுங்கு போதாது: வன்பொருளே கேஷை ஒத்திசைக்காத அமைப்புகளில், தொடக்கமும் நீளமும் கேஷ் லைனின் (கேஷ் ஒரே முறையில் கையாளும் நினைவகத் துண்டின்) மடங்காக இல்லையென்றால், கேஷைச் செல்லாததாக்கும்போது அதே லைனில் உள்ள அண்டை மாறியின் புதிய மதிப்பும் அழிந்துபோகலாம்.