லினக்ஸில் வைஃபை தெரியவில்லையா? அட்டையைக் குறைசொல்வதற்கு முன்

சிங்கப்பூரின் சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிவிட்டு, வைஃபை வரவில்லை என்று நண்பர்கள் என்னிடம் கொண்டுவருவதுண்டு. உடனே புது வைஃபை அட்டை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.

கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list) கொடுங்கள். 'ஹார்டு பிளாக்ட்: யெஸ்' என்று வந்தால் கணினியின் வைஃபை பொத்தான் அணைந்திருக்கிறது, கையால்தான் போட வேண்டும். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் மென்பொருள்தான் தடுத்திருக்கிறது, 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' (rfkill unblock wifi) போதும்.

அடுத்து, கணினியில் பொருத்திய அட்டைகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிசிஐ' (lspci) கட்டளை. பட்டியலில் அட்டையின் பெயர் இருந்தால் குறை பெரும்பாலும் அட்டை இயங்கத் தேவையான மென்பொருள் கோப்பான ஃபர்ம்வேரில்தான். லினக்ஸின் மையப் பகுதி எழுதிவைக்கும் கர்னல் பதிவைத் திறந்து 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடுங்கள்: எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று பெயரோடு எழுதியிருக்கும். இப்படி ஒளிவுமறைவின்றிச் சொல்வதால்தான் எனக்கு லினக்ஸைப் பிடிக்கும். அந்தக் கோப்பை இறக்க இணையம் வேண்டுமே? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்குங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 12ஆம் பதிப்பு முதல் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே பல ஃபர்ம்வேர்கள் சேர்ந்து வருகின்றன.

பட்டியலில் பெயரே இல்லையா? கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் அடிமூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, அட்டையை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். மெல்லிய ஆன்டெனா கம்பிகளை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.