சுதந்திரத்துக்கு முந்தைய அமெரிக்க ஊர்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கா பிரிட்டனின் காலனியாக இருந்த காலத்து ஊர் வாழ்க்கையைப் பற்றிக் கதையோ கட்டுரையோ பள்ளிப் புராஜெக்ட்டோ எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். காட்டோரம் ஒரு மரவீடு, ராட்டை சுற்றும் அம்மா, துப்பாக்கியோடு அப்பா, எல்லார் மனதிலும் சுதந்திர தாகம். எல்லையோரக் குடியிருப்புக்கு அது ஓரளவு பொருந்தும். ஊருக்குப் பொருந்தாது. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா எல்லாம் கப்பல் வந்துபோகிற துறைமுகங்கள். 1760-களில் பாஸ்டனில் மட்டும் சுமார் 15,000 பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

முதல் தவறு, அவர்கள் தேவையானதையெல்லாம் தாங்களே செய்துகொண்டார்கள் என்று எழுதுவது. ஊர்க்கடையில் இங்கிலாந்துத் துணி, கரீபியத் தீவுகளின் சர்க்கரை, சீனத்துத் தேயிலை எல்லாம் கிடைத்தன. கரீபியத்திலிருந்து வந்த சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ரம் வடிப்பது பாஸ்டனின் பெரிய தொழில். 1767-இல் பிரிட்டன் போட்ட புதிய வரிகளுக்குப் பிறகு இறக்குமதியைப் புறக்கணிக்கும் இயக்கம் பரவியபோதுதான், பாஸ்டன் இருக்கும் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து நூல் நூற்று, அதை ஒரு அரசியல் செயலாகவே ஆக்கினார்கள். அதனால் ராட்டையைக் கதையில் வைக்கிறீர்கள் என்றால் ஆண்டையும் பார்த்து வையுங்கள்.

இதே இடத்தில் நம் வாசகர்கள் தடுக்கி விழும் ஒன்று உண்டு. 1773 டிசம்பர் 16 அன்று பிரிட்டனின் தேயிலை வரியை எதிர்த்து பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலையும் கிழக்கிந்தியக் கம்பெனியுடையது என்பதால், அது இந்தியத் தேயிலை என்று எழுதிவிடுகிறார்கள். அத்தனையும் சீனாவில் விளைந்தது. அசாமில் தேயிலைத் தோட்டங்கள் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். இந்தியாவிலிருந்து அங்கே போனது பருத்தித் துணி. உள்நாட்டு நெசவாளர்களைக் காப்பதற்காக 1721-இல் பிரிட்டன் அச்சுப் பருத்தித் துணிகளுக்குத் தன் நாட்டில் தடை போட்டது. ஆனால் இந்தியத் துணியைக் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதி இருந்தது. சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்த ஊர் பாஸ்டன். கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய சரக்குகளை விற்ற பணத்துக்கு நன்றியாக, 1718-இல் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. அடிமைமுறை தெற்கே புகையிலைத் தோட்டங்களில் மட்டும் இருந்தது என்று எழுதுகிறார்கள். வடக்கு, தெற்கு இரு பக்க ஊர்களிலும் இருந்தது. அன்று வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த வில்லியம்ஸ்பர்க்கில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பின மக்கள், அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க்கில் ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். தண்ணீர் சுமப்பது, சமையல், துணி துவைப்பது, துறைமுகத்தில் மூட்டை இறக்குவது என்று ஊர் நடமாடியதே அவர்களுடைய உழைப்பில்தான். அன்றைய செய்தித்தாளைத் திறந்தால் துணி விற்பனைக்குப் பக்கத்திலேயே மனித விற்பனை, தப்பி ஓடியவரைப் பிடித்துத் தந்தால் பரிசு என்ற விளம்பரங்கள் இருக்கும். அவர்களைப் பின்னணியில் பெயரில்லாமல் நிறுத்திவிட்டு எழுதுகிற எந்தக் கதையும் பாதி ஊரை விட்டுவிட்ட கதைதான்.

ஒனிசிமஸ் என்ற மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பாஸ்டனில் காட்டன் மாதர் என்ற பாதிரியாரின் வீட்டில் அடிமையாக இருந்தவர். பெரியம்மைப் புண்ணின் சீழை நலமாக இருப்பவரின் தோலைக் கீறி ஏற்றினால் நோய் லேசாக வந்து போய்விடும், தன் ஊரில் இது வழக்கம் என்று அவர்தான் மாதருக்குச் சொன்னார். 1721-இல் பாஸ்டனைப் பெரியம்மை தாக்கியபோது மாதர் சொல்லி, ஸப்டியேல் பாயில்ஸ்டன் என்ற மருத்துவர் அதைச் செய்துபார்த்தார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மாதரின் வீட்டுக்குள் குண்டுகூட எறிந்தார்கள். அந்தக் கொள்ளைநோயில் ஏறக்குறைய 6,000 பேருக்கு அம்மை கண்டு 844 பேர் இறந்தார்கள். பாயில்ஸ்டன் கீறி ஏற்றிய சுமார் 240 பேரில் இறந்தது ஆறு பேர். இதைத் தடுப்பூசி என்று எழுதிவிடாதீர்கள். பெரியம்மைச் சீழுக்குப் பதிலாக மாட்டம்மைச் சீழை ஏற்றும் எட்வர்ட் ஜென்னரின் தடுப்பூசி முறை 1796-இல்தான் வந்தது.

அப்புறம் சில சின்னத் தவறுகள். சேலத்தில் சூனியக்காரர்களை எரித்தார்கள் என்பது சரியில்லை. மாசசூசெட்ஸின் சேலம் என்ற ஊரில் 1692-இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். யாரையும் எரிக்கவில்லை. அந்தக் காட்சியை 1760-களின் கதைக்குள் கொண்டுவரவும் கூடாது. பணத்திலும் கவனம் வேண்டும். கணக்கு எழுதியது பவுண்டு, ஷில்லிங்கில், கையில் புழங்கியது பெரும்பாலும் ஸ்பானிய வெள்ளி டாலர். அந்த ஒரு டாலர் மாசசூசெட்ஸில் ஆறு ஷில்லிங், நியூயார்க்கில் எட்டு. தேதிகளும் அப்படித்தான். 1752-இல் பிரிட்டனும் காலனிகளும் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14 ஆகிவிட்டது, மார்ச் 25-இல் தொடங்கிய ஆண்டும் ஜனவரி 1-இல் தொடங்குவதாக மாறியது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்தநாளை ஒரு இடத்தில் 1731 பிப்ரவரி 11 என்றும் இன்னொரு இடத்தில் 1732 பிப்ரவரி 22 என்றும் பார்த்தால் இரண்டும் சரிதான்.

சுதந்திர தாகத்துக்கு வருவோம். 1765-இல் அச்சிட்ட தாள்களுக்கும் பத்திரங்களுக்கும் வரி போட்ட ஸ்டாம்ப் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்கள் கேட்டது ஆங்கிலேயக் குடிமக்களுக்கு உரிய உரிமையை. தனிநாடு வேண்டும் என்று அப்போது கேட்கவில்லை. மன்னரின் பிறந்தநாளை அவர்கள் கொண்டாடினார்கள். 1605-இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைக்க நடந்த சதி முறியடிக்கப்பட்டதை பாஸ்டனில் ஒவ்வொரு நவம்பர் 5-ஆம் தேதியும் ஆரவாரமாக நினைவுகூர்ந்தார்கள். 1760-இல் நடக்கும் கதையில் ஒரு கடைக்காரர் சுதந்திரம் பற்றி முழங்கினால் நம்ப முடியாது.

பெண்களைப் பற்றி எழுதும்போது அவர் மனைவியா, விதவையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். மணமான பெண்ணின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுடையது, தன் பெயரில் ஒப்பந்தமும் போட முடியாது. கணவன் இறந்தபின் நிலைமை மாறும், தொழிலை அவரே நடத்தலாம். வில்லியம்ஸ்பர்க்கில் கிளெமென்டினா ரிண்ட், கணவர் இறந்ததும் 1773-இல் அச்சகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பத்திரிகையை நிற்காமல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே வர்ஜீனியாவின் சட்டசபை தன் அச்சுவேலையை அவருக்குக் கொடுத்தது.