கிரேக்கத் தீவுக்கு முதல் பயணமா? நக்சோஸிலிருந்து தொடங்குங்கள்

ஐந்து நாள் லீவில் மூன்று தீவுகளைப் பார்த்துவிடலாம் என்று முதல் தடவை நானும் திட்டம் போட்டேன். பாதி நேரம் துறைமுகத்தில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். அதனால் புதிதாகப் போகிறவர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஒரே தீவு, நான்கு இரவு. அதற்கு நக்சோஸ் தோதான இடம். சிக்லடீஸ் என்ற கிரேக்கத் தீவுக் கூட்டத்திலேயே பெரியது. கடற்கரை, மலை, பழைய கோயில், உருளைக்கிழங்கு வயல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜூன் அல்லது செப்டம்பர். என் ஓட்டு செப்டம்பருக்கு. கோடை முழுக்கச் சூடான கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' என்ற வடகாற்று வீசும். ஆகஸ்ட் 15 மாதா திருநாள். அதையொட்டிய நாட்களில் கிரேக்கர்களே ஊருக்குக் கிளம்புவதால் கப்பலிலும் இடம் இருக்காது, அறையும் கிடைக்காது.

படி 2: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீர்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

படி 3: கப்பல் ஏறுங்கள்

ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து மெட்ரோவிலேயே பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்விடலாம். துறைமுகம் மிகப் பெரியது. எந்த வாயில் என்று முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்; தப்பான வாயிலில் இறங்கினால் வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேகப் படகு சீக்கிரம் போய்விடும், ஆனால் டிக்கெட் விலை கூட. நான் பெரிய கப்பல் கட்சி. மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு காபியோடு உட்கார்ந்தால் அதுவே விடுமுறையில் பாதி.

இறங்கும்போதுதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கீழே லாரிகள் நிற்கும் தளத்துக்கு இறங்கிவிடுவார்கள். டீசல் வாடை, இருட்டு. பிறகு சங்கிலி கடகடக்க, பின்பக்கக் கதவு மெல்லச் சாய்ந்து பாலமாகும். வெளிச்சம் கண்ணைக் கூசும். கப்பல் சில நிமிடம்தான் நிற்கும், கூட்டம் தள்ளும். நான் அந்த அவசரத்தில் முந்தைய நிறுத்தமான பாரோஸிலேயே இறங்கப் பார்த்தேன். பாலத்தில் கால் வைத்த பிறகுதான் கரையிலிருந்த ஊர்ப் பலகை கண்ணில் பட்டது. பலகையைப் படிக்காமல் இறங்காதீர்கள்.

படி 4: முதல் மாலை, போர்த்தாரா

அறையை 'ஹோரா' எனப்படும் தலைநகரிலேயே எடுங்கள். ஆகியோஸ் யோர்கியோஸ் கடற்கரைக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். ஆழமில்லாத தண்ணீர், குழந்தைகளுக்கு ஏற்றது.

வெயில் தாழ்ந்ததும் துறைமுகத்தை ஒட்டிய சின்னத் திட்டுக்கு நடந்து போங்கள். அங்கே ஒரு கதவு நிலை மட்டும் தனியாக நிற்கிறது. அதுதான் போர்த்தாரா. சுமார் 6 மீட்டர் உயரம், முழுக்கப் பளிங்கு. கி.மு. 530 வாக்கில் லிக்தாமிஸ் என்ற ஆட்சியாளர் தொடங்கிய கோயில். ஆட்சி கவிழ, வேலையும் நின்றுபோனது. பிற்காலத்தில் வெனிஸ்காரர்கள் கோட்டை கட்ட இங்கிருந்து கற்களைப் பெயர்த்துப் போனார்கள். நிலைக்கல்லை மட்டும் அசைக்க முடியவில்லை போலும்.

படி 5: ஒரு முழு நாள் மலைக்கு

கார் எடுப்பதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், மலைப்பாதை வேறு. பயமாக இருந்தால் பஸ் இருக்கிறது.

சாங்ரி கிராமத்துக்கு அருகே, பயிர்த் தெய்வமான தெமெத்தரின் கோயிலைப் பார்த்துவிட்டு ஹால்கி கிராமத்துக்குப் போங்கள். அங்கே 1896 முதல் 'கித்ரோன்' என்ற மதுவை வடிக்கிறார்கள். நம் நார்த்தைக்குச் சொந்தக்கார மரத்தின் இலையிலிருந்து வருவது. குடிக்காதவர்களும் பழைய செம்புப் பாத்திரங்களைப் பார்க்கலாம்.

வடகோடியில் அப்பொல்லோனாஸ். பழைய கல்குவாரியில் 10 மீட்டருக்கும் நீளமான சிலை ஒன்று முடிக்கப்படாமல் மல்லாந்து கிடக்கிறது. முகம் சரியாகத் தெரியாது, தாடி மட்டும் புரியும். வேலி எதுவும் மறைக்காமல் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் இருக்கும் எந்தச் சிலையையும்விட எனக்கு இது பிடித்தது.

அடுத்த நாளைக் கடற்கரைக்கு விட்டுவிடுங்கள். ஆகியா அன்னா, பிளாக்கா இரண்டுக்கும் பஸ் உண்டு.

படி 6: சாப்பாடு

சைவர்கள் 'நிஸ்டீசிமா' என்ற சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். விரத உணவு என்று பொருள். இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாய், இறால் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். பெரிய வெள்ளை அவரையில் செய்யும் 'கிகாந்தெஸ்', வேகவைத்த கீரையான 'ஹோர்தா' இரண்டும் நம் வாய்க்கு ஒத்துவரும். உள்ளூர் உருளைக்கிழங்கு வறுவலையும் 'கிராவியெரா' சீஸையும் விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று: 'நே' என்றால் ஆமாம். தலையை மேலே தூக்கினால் இல்லை. பரிமாறுகிறவரோடு இந்த இரண்டிலும் நான் நன்றாகவே குழம்பியிருக்கிறேன்.

படி 7: திரும்பும் நாள்

காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். அதனால் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள். கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டால் அந்த மாலை ஏதென்ஸின் பழைய கோயில் குன்றான அக்ரோபோலிஸுக்கு.