பிளாக்கீஸ்ல நாமினேட் பண்றது, ஓட்டு போடுறது, நாமளே நடத்துறது எப்படி

டேபிள்டாப் ஆர்பிஜி (ஆளுக்கொரு கதாபாத்திரமா மாறி மேஜையில உக்காந்து ஆடுற கேம்) ஆடுறவங்களுக்குத் தெரியும், ரூல்புக்ல இருக்கிறது பாதிதான், மீதி பாதி யாரோ ராத்திரி உக்காந்து பிளாக்ல எழுதி வச்சிருக்கிறதுதான். டைஸும் பேப்பரும் வச்சு நாலஞ்சு பேர் சேர்ந்து ஆடுற கேம்ல கதையை நடத்துற ஜிஎம் எங்க திணறுவாரு, பிளேயர்ஸ் எங்க முழிப்பாங்கன்னு ஆடிப் பாத்தவங்கதான் சொல்ல முடியும். ஆனா பிளாக் போஸ்ட்டுக்கு ஆயுசு கம்மி, ஒரு வாரம் எல்லாரும் பேசுவாங்க, அப்புறம் காணாம போயிடும். அதனாலதான் அந்த மாதிரி போஸ்ட்டுங்களுக்கு வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுக் குடுக்குற அவார்டான பிளாக்கீஸ் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பிரிஸ்மாட்டிக் வேஸ்ட்லேண்ட்னு ஒரு பிளாக்லதான் இது ஆரம்பிச்சது, 2022ல வெளிவந்த போஸ்ட்டுங்களுக்குத்தான் முதல் போட்டி. ஒரு வருஷம் முடிஞ்சதும் அந்த வருஷத்துல வந்த நல்ல போஸ்ட்டுங்களை ஜனங்களே நாமினேட் பண்ணி, ரெண்டு ரெண்டா மோதவிட்டு, ஓட்டுப் போட்டு வடிகட்டிக்கிட்டே வருவாங்க. ஜெயிச்சவங்க அடுத்த வருஷப் போட்டியை நடத்தணும்ங்கிறதுதான் வழக்கம், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதும் அதான். ஆர்பிஜி புக்குங்களுக்குக் குடுக்குற என்னீஸ் அவார்ட்ஸ் வேற மாதிரி. 2001ல இருந்து நடக்குது, அங்க பப்ளிஷருங்க அவங்க புக்கை அனுப்பணும், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அஞ்சு ஜட்ஜுங்க ஷார்ட்லிஸ்ட் பண்ணுவாங்க, அப்புறம் பப்ளிக் வோட்டு, அமெரிக்காவுல இண்டியானாபோலிஸ்ல நடக்குற ஜென் கான்ங்கிற கேம் திருவிழாவுல கோல்டு, சில்வர் குடுப்பாங்க. காசு குடுத்து வாங்குற புக்குக்கு அது சரி, சும்மா எழுதிப் போடுறவங்களுக்கு பிளாக்கீஸ்தான்.

இதுல உருப்படியா கலந்துக்கணும்னா வேலை ஜனவரியில ஆரம்பிச்சு வருஷம் பூரா இருக்கு. டிசம்பர் கடைசியில "இந்த வருஷம் என்ன படிச்சோம்"னு யோசிச்சா நவம்பர்ல படிச்சது மட்டும்தான் ஞாபகம் வரும், அதனாலயே வருஷ ஆரம்பத்துல வந்த நல்ல போஸ்ட்டெல்லாம் அடிபட்டுப் போகுது. ஒரு ஆர்எஸ்எஸ் ரீடர் (பல பிளாக்ல வர்ற புது போஸ்ட்டையெல்லாம் ஒரே இடத்துல காட்டுற ஆப்) போட்டுக்கோங்க, பிடிச்ச பிளாக்கையெல்லாம் அதுல சேத்துக்கோங்க, ஒரு போஸ்ட் பிடிச்சா லிங்க், தேதி, ஏன் பிடிச்சதுன்னு ஒரு வரி, இவ்வளவுதான், ஒரு நோட்ல போட்டு வைங்க. அந்த ஒரு வரிதான் முக்கியம், ஏன்னா பத்து மாசம் கழிச்சு லிங்க்கை மட்டும் பாத்தா ஒண்ணும் ஞாபகம் வராது.

நாமினேட் பண்ணும்போது போஸ்ட் அந்த வருஷத்துலதான் வந்திருக்கான்னு முதல்ல பாருங்க, சில பேர் பழைய போஸ்ட்டைத் திருத்தித் திரும்பப் போட்டிருப்பாங்க. பிளாக்கோட முகப்பு லிங்க்கைக் குடுக்காதீங்க, அந்த போஸ்ட்டோட லிங்க்கையே குடுங்க. அப்புறம் கேட்டகரி. தியரி, கேமபிள், அட்வைஸ், ரிவ்யூ மாதிரிப் பிரிவுங்க இருக்கும், நடத்துறவங்களைப் பொறுத்து கொஞ்சம் மாறலாம், அந்தந்த வருஷ ரூல்ஸைப் படிச்சுடுங்க. கேம் ஏன் இப்படி வேலை செய்யுதுன்னு அலசினா தியரி, அடுத்த செஷன்ல என்ன செய்யணும்னு சொன்னா அட்வைஸ், அப்படியே எடுத்து டேபிள்ல போட்டு ஆடலாம்னா கேமபிள்.

எல்லாரும் தடுமாறுறது அட்வைஸ்லதான். 2008ல தி அலெக்ஸாண்ட்ரியன் பிளாக்ல வந்த த்ரீ க்ளூ ரூலை எடுத்துக்கோங்க, இந்த அவார்டுக்கெல்லாம் ரொம்ப முந்தினது, ஆனா நல்ல அட்வைஸ் எப்படி இருக்கணும்ங்கிறதுக்கு இன்னிக்கும் அதைத்தான் காட்டுவேன். பிளேயர்ஸ் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கணும்னா அதுக்குக் குறைஞ்சது மூணு க்ளூ வைக்கணும், அவ்வளவுதான் ரூல். கொலைகாரன் தோட்டக்காரன்னு தெரியணும், நீங்க மேஜை டிராயர்ல ஒரே ஒரு லெட்டர் வச்சிருக்கீங்க, பிளேயர்ஸ் டிராயரைத் தொடவே இல்ல, கதை அங்கயே நின்னுபோச்சு. அதே லெட்டரோட, ராத்திரி யாரோ ஓடுறதைப் பாத்த வாட்ச்மேன், மாடிப்படியில காயாத மண்ணுன்னு இன்னும் ரெண்டு வச்சிருந்தா எதுலயாவது ஒண்ணுல மாட்டுவாங்க. ஒரு தடவை படிச்சா போதும், அடுத்த செஷனுக்கு நோட்ஸ் எழுதும்போதே கை தானா மூணு எழுதும். இப்படி நம்ம பழக்கத்தையே மாத்துற போஸ்ட்டுக்குத்தான் அட்வைஸ்ல ஓட்டு.

கேமபிள்ல வேற பார்வை வேணும். பாலத்துக்கு அடியில யார் இருக்காங்கன்னு ஒரு டி6 டேபிள், அதாவது ஆறு பக்க டைஸை உருட்டி ஒண்ணு எடுக்குற லிஸ்ட், அதுல "கோபமான ட்ரோல்"னு (ட்ரோல்னா கதைகள்ல வர்ற பூதம்) இருந்தா எனக்கு ஒண்ணும் கிடைக்கல, ஜிஎம் எல்லாத்தையும் அவரே யோசிக்கணும். "பாலத்துல ஒரு கல் விழுந்துபோச்சு, ட்ரோல் அதைத் தேடுது, கொண்டுவந்து குடுத்தா சுங்கம் கேக்காது"ன்னு இருந்தா படிச்ச உடனே ஆட ஆரம்பிச்சுடலாம். நீளத்தையோ படத்தையோ பாக்காதீங்க, முடிஞ்சா ஓட்டுக்கு முன்னாடி ஒரு தடவை டேபிள்ல ஆடிப் பாத்துடுங்க.

ஓட்டுப் போடும்போது ரெண்டு போஸ்ட்டையும் முழுசா படிச்சிட்டுத்தான் போடணும், இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். பேர் தெரிஞ்ச பிளாக்குக்குக் கண்ணை மூடிட்டு ஓட்டு விழுறதுதான் இந்த மாதிரிப் போட்டியோட பெரிய வியாதி, புதுசா எழுத வந்தவங்க அங்கயே அடிபட்டுப் போறாங்க. நேரமில்லன்னா அந்த ஜோடியை விட்டுடுங்க, படிச்ச ஜோடிக்கு மட்டும் போடுங்க. அப்புறம் இன்னொண்ணு, டெட்லைன் பெரும்பாலும் அமெரிக்க நேரத்துல இருக்கும், குளிர்காலத்துல நியூயார்க்கை விட நாம பத்தரை மணிநேரம் முன்னாடி, அங்க ராத்திரி 12 மணின்னா நமக்குக் காலை பத்தரை. மாத்திக் கணக்குப் போட்டு யாரும் கோட்டை விடாதீங்க.

சொந்த போஸ்ட்டை நாமினேட் பண்ணலாமான்னு கேப்பாங்க. ரூல்ஸ்ல அனுமதி இருந்தா தாராளமா பண்ணுங்க, ஆனா ஒண்ணே ஒண்ணு, உங்களோட பெஸ்ட். கூடவே மத்தவங்க போஸ்ட் நாலு நாமினேட் பண்ணுங்க.

நடத்துற பொறுப்பு உங்க தலையில வந்தாலோ, இல்ல உங்க டிஸ்கார்ட் குரூப்புக்குன்னு சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சாலோ, முதல்ல டூப்ளிகேட்டைக் களையுங்க, ஒரே போஸ்ட் நாலு ரூபத்துல வரும். ரெண்டு ரெண்டா மோதவிட்டுத் தோத்ததை வெளியேத்துற பிராக்கெட் பாக்க விறுவிறுப்பா இருக்கும், ஆனா நல்ல போஸ்ட் ரெண்டு முதல் ரவுண்ட்லயே மோதிட்டா ஒண்ணு வெளிய போயிடும், அந்தப் பழி உங்க மேல விழாம இருக்க ஜோடியைக் குலுக்கல்லயே போட்டுடுங்க, நீங்களா சேத்தா கண்டிப்பா சண்டை வரும். போஸ்ட் பத்துப் பன்னெண்டுதான்னா பிராக்கெட்டே வேணாம், என்னீஸ்ல பண்ற மாதிரி பிடிச்ச வரிசையில நம்பர் போடச் சொல்லுங்க, ஓட்டு சிதறாது. சம ஓட்டு விழுந்து டை ஆனா என்னன்னு ஓட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதிப் போட்டுடணும்.

ரிசல்ட் போடும்போது ஜெயிச்சதை மட்டும் போடாம நாமினேட் ஆன எல்லா லிங்க்கையும் போடுங்க, அடுத்த ஒரு வருஷம் ஜனங்க படிக்கப் போறது அந்த லிஸ்ட்டைத்தான். 2019 ஏப்ரல்ல கூகுள் பிளஸ்ங்கிற சோஷியல் மீடியா தளத்தை மூடினப்போ இந்த ஹாபியோட எத்தனையோ வருஷப் பேச்சு அதோட போச்சு. அதனால லிஸ்ட் ரெடியான அன்னிக்கே ஒவ்வொரு லிங்க்கையும் வெப் பக்கங்களைக் காப்பி எடுத்து வைக்கிற வேபேக் மெஷின்ல சேவ் பண்ணிட்டு, அந்த காப்பி லிங்க்கையும் பக்கத்துலயே குடுத்துடுங்க.