குளிருக்கு சூப் வைக்கறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

ஊட்டில டிசம்பர் ஜனவரின்னா விடியக்காலைல தலைகுந்தா பக்கம் புல்லு மேல உப்பு கொட்டி வச்ச மாதிரி உறைபனி படிஞ்சு கிடக்கும், அந்த குளிருக்கு எத்தனை டீ குடிச்சாலும் பத்தாது. சாயங்காலம் அடுப்புல ஒரு சூப் கொதிச்சாதான் கை கால் விறைப்பு எறங்கும். எங்க வீட்டுல இந்த ரெண்டு மாசமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சூப்தான், அதனால எங்க சொதப்பும்னு எனக்கு நல்லாவே தெரியும்.

மலைல இருக்கறவங்க, டூர் வந்து காட்டேஜ்ல சமைக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 100 டிகிரி வரைக்கும் போகாது, 92, 93லயே கொதிச்சுடும். பாத்திரத்துல தளதளன்னு கொதிக்கும் ஆனா காய் நறுக்குனு அப்படியே நிக்கும், எலும்பு பத்தி கேக்கவே வேணாம். கேஸை கூட்டி வச்சா தண்ணிதான் வத்தும், சூடு ஏறாது. குக்கர்ல வைங்க, வேற வழியில்ல.

இப்ப ஆட்டுக்கால். கறிக்கடைல தீயில வாட்டி குடுத்துடறாங்கன்னு அப்படியே கழுவி போட்டுடாதீங்க, குளம்பு இடுக்குல கருகின முடி ஒட்டிட்டு இருக்கும், சூப் பூரா அந்த வாசம்தான் அடிக்கும். கத்திய வச்சு நல்லா சுரண்டி, மஞ்சத்தூளும் அரிசி மாவும் போட்டு தேச்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசுங்க. அடுத்தது அவசரம். பெரிய தீயில அஞ்சு விசில் விட்டு எறக்கினா அது எலும்பு கழுவின தண்ணிதான். எலும்ப ஒட்டி இருக்கற ஜவ்வு மெதுவாத்தான் கரையும், அது ஜெலட்டினா மாறி தண்ணில எறங்கினாதான் சூப்புக்கு அந்த வழவழப்பு வரும், அதுக்கு மொதல் விசிலுக்கு அப்புறம் சிம்ல வச்சு முக்கால் மணி நேரமாவது விடணும். ஒரு சொட்டு எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சு பாருங்க, பிசுபிசுன்னு ஒட்டினா சரியா வந்திருக்கு. அதே சூப் ஃப்ரிட்ஜ்ல வச்சா மறுநாள் ஜெல்லி மாதிரி கட்டியாயிடும், அது நல்ல சூப்போட அடையாளம். எங்க நாத்தனார் ஒரு தடவை கெட்டுப்போச்சுன்னு நெனச்சு மொத்தத்தையும் சிங்க்ல ஊத்திட்டாங்க, எனக்கு அன்னைக்கு முழுக்க மனசே ஆறல.

உப்ப மொதல்லயே முழுசா போடாதீங்க, சூப் வத்த வத்த கரிக்கும். மிளகும் அப்படித்தான், ஆரம்பத்துலயே போட்டு கொதிக்க விட்டா காரம் இருக்கும் வாசம் போயிடும். மிளகு சீரகத்த இடிகல்லுல ஒண்ணுரெண்டா தட்டி, அடுப்ப அணைச்சதும் போட்டு ஒரு ரெண்டு நிமிஷம் மூடி வைங்க, தெறக்கும்போதே மூக்கு தெறந்துக்கும்.

காய்கறி சூப்புக்கு எல்லாரும் கார்ன்ஃபிளார் கரைக்கறாங்க. அத கொதிக்கற சூப்ல நேரா கொட்டினா கட்டி கட்டியா நிக்கும், பச்சத்தண்ணில கரைச்சுட்டுதான் ஊத்தணும். ஆனா என்ன கேட்டா அதுவே வேணாம், ஒரு சின்ன உருளக்கிழங்கு கேரட்டோட சேத்து வேக வச்சு அரைச்சா போதும், அந்த திக்னஸ் வேற, ருசியும் வேற. அரைக்கும்போது ஜாக்கிரதை. கொதிக்க கொதிக்க மிக்ஸில ஊத்தி மூடிய அழுத்திட்டு ஓட்டினா உள்ள இருக்கற ஆவி மூடிய தூக்கி அடிச்சுடும், எனக்கு மணிக்கட்டுல பட்ட தழும்பு இன்னும் இருக்கு. நல்லா ஆற விடுங்க, ஜார்ல பாதிக்கு மேல ஊத்தாதீங்க.

தக்காளி சூப் கொதிச்சுட்டு இருக்கும்போது பால ஊத்தினா திரிஞ்சுடும். எறக்கி வச்சு, வெதுவெதுப்பான பால கொஞ்சம் கொஞ்சமா கலக்கிட்டே ஊத்துங்க. முருங்கக்கீரைய ரொம்ப நேரம் மூடி போட்டு வேக வச்சா பச்சை மங்கி ஒரு மாதிரி கசந்துடும், அதுக்கு தெறந்து வச்சு அஞ்சாறு நிமிஷம் தாராளம். எலுமிச்சம்பழம் எப்பவும் கப்புல ஊத்தினதுக்கு அப்புறம்தான்.

மிச்சம் இருந்தா "வெளியதான் குளிரா இருக்கே"ன்னு ராத்திரி பூரா அடுப்பு மேலயே விடாதீங்க. பெரிய பாத்திரத்துல நடுவுல இருக்கற சூடு சீக்கிரம் எறங்காது, எலும்பு சூப் அந்த வெதுவெதுப்புலயே கெட்டுடும். அகலமான பாத்திரத்துல மாத்தி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் குடிக்கற அளவு மட்டும் எடுத்து நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு குடிங்க.