நெடுந்தூர ரோடு பைக்: செட்டிநாட்டுச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்டியூரன்ஸ் (நெடுந்தூர) வகை ரோடு பைக்கை, அதாவது தார்ச்சாலைக்கான கியர் சைக்கிளை, வாங்குகிறவர்களில் பலர், பெயரிலேயே சொகுசு அடங்கியிருப்பதாக நம்பி, கடையிலிருந்து வந்த நிலையிலேயே அதை ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பந்தய வகை பைக்கோடு ஒப்பிட்டால் இதன் முன்பகுதி சற்று உயர்ந்திருக்கும். கை எட்ட வேண்டிய தூரம் சற்றுக் குறைந்திருக்கும். இரு சக்கரங்களுக்கும் இடையிலான நீளம் கூடியிருக்கும். அகலமான டயருக்கும் இடம் விட்டிருப்பார்கள். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் இது ரெடிமேட் சட்டைதான். தோளையும் கையையும் பார்த்துப் பிடித்துத் தைக்கிற வேலை வாங்கியவரிடம் பாக்கி இருக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல் கார்பன் சக்கரத்துக்கும் விலையுயர்ந்த கியருக்கும் பணம் போடுவதே, என் கணக்கில், மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய்த்தவறு.

செட்டிநாட்டில் இந்தத் தவறு கூடுதலாக உறுத்துவதற்குக் காரணம் நம் நிலத்தின் அமைப்பு. காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று திருமயம் பக்கம் போனாலும், தேவகோட்டையைத் தாண்டித் தொண்டிக் கடற்கரை வரை போனாலும், எழுந்து நின்று மிதிக்க வைக்கும் ஏற்றம் அரிது. மலைப்பாதையில் ஓட்டுபவரின் உடல், ஏற்றத்தில் ஒரு நிலையும் இறக்கத்தில் வேறு நிலையுமாகத் தானாகவே இடம் மாறிக்கொள்ளும். சமவெளியில் ஓட்டுபவரோ அதே சீட்டில், அதே வளைவில், மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 4 மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 19,200 முறை மடங்கி நீள்கிறது. சீட்டின் உயரத்தில் 5 மில்லிமீட்டர் பிழை இருந்தால், அது அத்தனை முறையும் அதே மூட்டில் போய் விழுகிறது.

முதல் சறுக்கல் சட்டத்தின் (ஃபிரேமின்) அளவைத் தேர்ந்தெடுப்பதில் நேர்கிறது. இணையத்தில் உயர அட்டவணையைப் பார்த்து, 5 அடி 7 அங்குலம் என்றால் 54 அளவுச் சட்டம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் மற்றவருக்கு உடல் நீளமாகவும் இருக்கலாம் என்பது அட்டவணைக்குத் தெரியாது. பார்க்க வேண்டியவை ஸ்டாக், ரீச் என்னும் இரண்டு எண்கள். பெடல் தண்டுகள் சுழலும் கிராங்க் அச்சின் மையத்திலிருந்து, ஃபோர்க் நுழையும் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். அதே மையத்திலிருந்து எவ்வளவு முன்னால் தள்ளியிருக்கிறது என்பது ரீச். 54 என்று ஒட்டியிருக்கும் இரண்டு பைக்குகளில், பந்தய வகையின் ஸ்டாக் 540 மில்லிமீட்டரை ஒட்டியும் நெடுந்தூர வகையின் ஸ்டாக் 570-ஐ ஒட்டியும் இருப்பது சாதாரணம். அந்த 3 சென்டிமீட்டர் கழுத்துக்கும் இடுப்புக்கும் பெரிய தூரம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுகிறவர், பெரும்பாலும், சிறியதை வாங்குவதே நல்லது. சிறியதைச் சற்று நீட்டலாம், பெரியதை அவ்வளவாகக் குறுக்க முடியாது.

இங்கே இன்னொரு மயக்கத்தையும் சொல்ல வேண்டும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, இலை போட்டு விருந்து முழுவதையும் சாப்பிட்டு எழ முடிகிறவர், தன் உடல் நன்றாக வளையும் என்று எண்ணித் தாழ்ந்த ஹேண்டில்பாரைக் கேட்பதுண்டு. சம்மணமிட உதவுவது இடுப்பு மூட்டு வெளிப்புறமாகத் திரும்பும் தன்மை. ஹேண்டில்பாரை நோக்கிக் குனிய உதவுவதோ தொடையின் பின்தசை நீளும் தன்மை. முன்னது இருப்பதால் பின்னதும் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

திருத்தவே முடியாத தவறு ஒன்று உண்டு. அதை நான் சொந்தச் செலவில் கற்றேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் மேல்குழாய், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அழகாக இல்லை என்று, நான் ஒரு முறைகூட நெடுந்தூரம் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, பைக்கைப் பூட்டிக் கொடுத்தவர் அதை அறுத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். இரண்டு மாதம் கழித்துக் கழுத்து வலிக்கிறதே, ஹேண்டில்பாரை 2 சென்டிமீட்டர் உயர்த்தலாம் என்று பார்த்தபோது, ஸ்டெம்முக்கு அடியில் வளையங்களை அடுக்கக் குழாய் மிச்சமில்லை. மேல்நோக்கிச் சாய்ந்த வேறொரு ஸ்டெம் வாங்கித்தான் ஒப்பேற்றினேன். குறைந்தது 500 கிலோமீட்டராவது ஓட்டி, உடல் ஒரு நிலையில் அமர்ந்த பிறகே அந்தக் குழாயில் ரம்பம் படலாம். அதே சமயம், கார்பன் குழாயாக இருந்தால் எத்தனை மில்லிமீட்டர் வரை வளையம் அடுக்கலாம் என்ற வரம்பைத் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். குழாய் சாய்ந்திருப்பதால், வளையத்தால் 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஹேண்டில்பார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பின்னாலும் வரும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சீட்டின் உயரத்தைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. வெறுங்காலுடன் சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் சீட்டைப் போல மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரையிலான அளவை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தோராயமான உயரம் கிடைக்கும். எனக்கு 79 சென்டிமீட்டர், பெருக்கினால் 69.8. இது தொடக்கப்புள்ளிதான், வேதவாக்கு அல்ல. குதிகாலைப் பெடலில் வைத்து மிதிக்கும்போது அடிப்புள்ளியில் கால் சரியாக நீண்டு நிற்கிறதா, இடுப்பு இருபுறமும் ஆடாமல் இருக்கிறதா என்று சோதித்த பின்பே போல்ட்டை இறுக்க வேண்டும். முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்புறம் இழுத்தால் பெரும்பாலும் உயரம். ஒரே நாளில் 2 சென்டிமீட்டர் ஏற்றுவதும் இறக்குவதும் வேண்டாம். ஒரு முறைக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதே நிதானம்.

சீட் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்து, முற்றத்தில் பைக்கை நிறுத்தி, குமிழி நடுவில் வரும்வரை சீட்டைச் சாய்த்துச் சரிசெய்தேன். அன்று மாலையே உடல் முன்னால் வழுக்கிக்கொண்டு போய், முழுப் பாரமும் உள்ளங்கையில் இறங்கியது. மழைநீர் மூலைத் தூம்புக்கு ஓடுவதற்காக முற்றத்துத் தளத்தை வாட்டமாகத்தான் போட்டிருப்பார்கள் என்பது பிறந்ததிலிருந்து தெரிந்திருந்தும், அன்றைக்கு நினைவில் வரவில்லை. சீட்டை வைத்து மட்டம் பார்ப்பதற்கு முன், இரு சக்கரங்களும் நிற்கும் இடத்தில் தரைக்கு மட்டம் பாருங்கள்.

அடுத்தது, நீளம் கூடுதலாக இருக்கிறதென்று சீட்டை முன்னால் தள்ளுவது. இதைச் செய்யாதவர் குறைவு. கைக்கு எட்டுவது எளிதாகும் என்பது சரி. ஆனால் முழங்கால் பெடலுக்கு மேல் முன்னேறிப் போய், தொடையின் முன்தசையே எல்லா வேலையையும் செய்ய நேரும், கைகளிலும் பாரம் கூடும். சீட்டின் முன்பின் நிலை காலுக்காக. ஹேண்டில்பாரின் தூரத்தைச் சரிசெய்வது ஸ்டெம்மின் வேலை. பெடல் கிடைமட்டமாக இருக்கும்போது முன்முழங்காலுக்குக் கீழிருந்து தூக்குக்குண்டு விட்டால் நூல் பெடல் அச்சை ஒட்டி விழ வேண்டும் என்பது, அறிவியல் அடிப்படை பலமில்லாவிட்டாலும், தொடங்குவதற்குப் போதுமான பழைய விதி. அதை முடித்த பிறகும் ஹேண்டில்பார் எட்டாவிட்டால் 100 மில்லிமீட்டர் ஸ்டெம்முக்குப் பதில் 90 போடலாம், 80 போடலாம். 60 வரை குறைத்தால் திருப்பம் படபடக்கும், அப்போது சட்டமே பெரிது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

மெத்தென்ற அகலச் சீட்தான் வலிக்கு மருந்து என்பது இன்னொரு நம்பிக்கை. நம் எடையைத் தாங்க வேண்டியவை உட்காரும் எலும்புகள் இரண்டு. மெத்தை அமுங்கினால் எலும்பு உள்ளே இறங்கி, நடுவிலுள்ள மென்தசை நசுங்கும். சரியான அகலத்தை அறிய மளிகைக்கடைப் பெட்டியின் நெளி அட்டைத் துண்டு போதும். அதைக் கல் திண்ணையில் போட்டு, கால்களைச் சற்று உயர்த்தி, முன்னால் குனிந்து ஒரு நிமிடம் அமர்ந்து எழுந்தால் இரண்டு குழிகள் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, குழிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து, அதோடு 2 முதல் 3 சென்டிமீட்டர் சேர்த்தால் 143 அல்லது 155 மில்லிமீட்டர் போன்ற கடை அளவுகளில் எது நமக்கானது என்று புரியும். சைக்கிள் ஓட்டுவதற்கென்று மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டையை உள்ளாடைக்கு மேல் அணிவதும் வேண்டாம். உள்ளாடையின் தையல்தான் இந்த வெயிலிலும் வியர்வையிலும் தோலை அறுக்கும்.

இனி முள். சீமைக்கருவேலம் இல்லாத சாலையோரம் நம் பக்கத்தில் ஏது? அதன் முள் டயரைத் துளைப்பது ஒரு தொல்லை. துளைத்தபின் நுனி ஒடிந்து ரப்பருக்குள் தங்கிவிடுவது பெரிய தொல்லை. டியூபை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பினால் 2 கிலோமீட்டரில் மீண்டும் பஞ்சர். டயரின் உட்புறத்தில் விரலால் தடவித் தேடினால் விரலில் ஏறும். பழைய வேட்டித் துணியைப் பந்தாகச் சுருட்டி உள்ளே சுற்றிவர இழுத்தால், முள் இருக்கும் இடத்தில் நூல் சிக்கி நின்று காட்டிக்கொடுக்கும். டியூப்லெஸ் டயருக்கு மாறுவது இங்கே உண்மையிலேயே பயன் தருகிறது, ஆனால் துளையை அடைப்பதற்காக உள்ளே ஊற்றிய சீலண்ட் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதை மறந்து, வருடக்கணக்கில் அதையே நம்பி ஓட்டுகிறார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வாங்கிய டயர் சட்டத்துக்குள் நுழைகிறது என்பதும் போதாது. ஐப்பசி மழையில் செம்மண் அப்பிக்கொள்ள இருபுறமும் 4 மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும்.

காற்றின் அளவிலும் பழைய பழக்கம் விடுவதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும் என்பது வீட்டு சைக்கிளின் விதி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 32 மில்லிமீட்டர் டயரில் 55 முதல் 60 பி.எஸ்.ஐ. போதும், 90 அடித்தால் கிராமச் சாலையின் ஒவ்வொரு ஜல்லியும் மணிக்கட்டுக்கு வரும். விளிம்பில் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம்மாக இருந்தால் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் போவது ஆபத்து. வழியில் ஊர்க்கடைப் பம்பை நம்புகிறவர்கள், ரோடு பைக் டியூபின் மெல்லிய பிரெஸ்டா வகை வால்வில் அது பொருந்தாமல் போகலாம் என்பதை நினைவில் வைத்து, சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.

போல்ட்டுகளைக் கைக்கணக்கில் முறுக்குவது கார்பன் பாகங்களுக்கு எமன். ஸ்டெம்முக்கும் சீட் போஸ்டுக்கும் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவுதான் குறித்திருப்பார்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் அதைக் கை அறியாது. கார்பன் சீட் போஸ்டுக்குக் கிரீஸ் தடவாமல், அதற்கென்றுள்ள சொரசொரப்பான பசையைத் தடவ வேண்டும். ஹைட்ராலிக் பிரேக்கில் மினரல் ஆயில் ஊற்ற வேண்டியதில் டாட் (DOT) வகை பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் கெட்டுவிடும். எது உங்களுடையது என்று லீவரிலோ குறிப்பேட்டிலோ எழுதியிருக்கும்.

செயினுக்குத் தாராளமாக எண்ணெய் விடுவதும் வீட்டு சைக்கிள் காலத்துப் பாசம்தான். பழைய எஞ்சின் ஆயிலோடு செம்மண் தூசி சேர்ந்தால் உப்புத்தாள் போலப் பற்களை அரைக்கும். உலர்வகை எண்ணெய் அல்லது மெழுகு, அதுவும் துடைத்த செயினில், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி; பிறகு வெளிப்புறத்தை மறுபடி துடைத்துவிட வேண்டும். தேய்மானத்தைச் சாதாரண ஸ்கேலிலேயே பார்க்கலாம்: ஒரு பின்னின் மையத்தில் சுழியத்தை வைத்தால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி வரும் 24-ஆவது பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால், 11 அல்லது 12 கியர் செயினை உடனே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பல்சக்கரத் தொகுதியையும் சேர்த்து மாற்ற நேரும்.

ஏற்றமே இல்லாத ஊருக்கு எதற்குச் சிறிய கியர் என்று கேட்பவர்கள் ஆடி மாதத்தில் மேற்கு நோக்கி ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும். அம்மியைப் பறக்கவிடும் அந்தக் காற்றில், முன்னே 34 பல்லும் பின்னே 30 பல்லும் தேவைப்படாத முழங்கால் குறைவு.

200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்னும் நேரவரம்புள்ள நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முந்தின வாரம் சீட்டையோ, ஷூவைப் பெடலில் மாட்டும் கிளீட்டையோ மாற்றுகிறவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள்; கடைசி மூன்று வாரம் ஸ்பானர் பெட்டியைத் திறக்காதிருப்பதே நலம். பைக்கைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டி சீட் போஸ்டைக் கழற்றுவதானால், கழற்றுமுன், அது சட்டத்துக்குள் நுழையும் விளிம்பில் போஸ்டின் மீது ஒரு சுற்று கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். சீட்டின் உயரம், சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரையிலான தூரம், ஸ்டெம்மின் நீளம், அடுக்கிய வளையங்களின் மொத்த உயரம் ஆகிய நான்கையும் நோட்டில் எழுதி வைப்பதும் அவசியம். நான் சுவரில் போட்ட பென்சில் கோட்டையே நம்பியிருந்தேன். முட்டைச் சுண்ணாம்பு பூசிய வழவழப்பான சுவர் அது. பொங்கலுக்கு வீட்டைத் துடைத்தபோது, ஈரத்துணி ஒருமுறை பட்டதும், 79 சென்டிமீட்டரும் போயிற்று.